எந்த ஆண்டின் பழுப்பு?

விருதுநகர் சந்திப்பில் கூட்ஸ் வண்டி வேகம் குறைந்து கடக்கும்போது பெட்டிகளை எண்ணுவது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒருநாள் நிறத்தை மட்டும் பார்த்தால் ஒரு புதிர் தென்படும். பெட்டிகள் எல்லாம் ஒரே வகை, பூசியதும் ஒரே சாயம். ஆனால் முதல் பெட்டி சூளையிலிருந்து இறக்கிய செங்கல் மாதிரி இருக்கிறது. அடுத்தது வறுத்த காப்பிக்கொட்டை. அதற்கடுத்தது வெயிலில் வெளிறிய மண்சுவர். இந்த ஊர் வியாபாரி புளியைப் பார்த்தவுடனே புதுப்புளி, பழம்புளி என்று சொல்லிவிடுவார். ஒரே மரத்துப் புளிதான் முதல் ஆண்டில் செம்பழுப்பாகவும் பிந்தைய ஆண்டில் கறுப்பாகவும் இருக்கிறது. கூட்ஸ் பெட்டியின் பழுப்பும் அப்படித்தான்.

மாடல் ரயில் செய்பவர்களின் தீராத வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. உண்மைப் பெட்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிறோம், அதற்கு எந்தப் பழுப்பைப் பூசுவது? பெயிண்ட் டப்பாவில் உள்ள பழுப்பா, பத்து ஆண்டு வெயில் தின்ற பழுப்பா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கேள்விக்காகவே நூல்களும் நிறமாதிரி அட்டைகளும் தனிப் பெயிண்ட் வரிசைகளும் வந்திருக்கின்றன. இந்திய வேகன்களுக்கு அந்த வசதிகள் குறைவு. ஆனால் அதே விருதுநகரிலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் சிவகாசி வந்துவிடும். நிறத்தை ஒத்துப்போக வைப்பதையே தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்ட ஊர் அது. வேகன் நிறத்தைப் பற்றிய கேள்வியைச் சிவகாசி அச்சுத்தொழிலின் கண்ணால் பார்த்தால் விடை வேறு வடிவில் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டப்பாவில் இருக்கும் எண்

அரசுத் துறைகள் நிறத்தைப் பெயரால் மட்டும் வாங்குவதில்லை, எண்ணால் வாங்குகின்றன. பெயிண்டுகளுக்கும் எனாமல்களுக்கும் நிறங்களை வரையறுக்கும் இந்தியத் தரம் ஐ.எஸ். 5. அந்த அட்டையில் 446 ரெட் ஆக்சைடு, 537 சிக்னல் ரெட், 538 போஸ்ட் ஆபீஸ் ரெட். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். இரண்டையும் 'சிவப்பு' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறவருக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

சரக்குப் பெட்டிக்கு ரெட் ஆக்சைடு குடும்பத்துப் பழுப்பு வந்ததற்குக் காரணம் அழகு இல்லை, கணக்கு. அந்தச் சாயப்பொடி இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவு. விலை குறைவு. வெயிலில் நிறம் போகாது. பிரேக் பிடிக்கும்போது பறக்கும் இரும்புத்தூள் மேலே படிந்தாலும், ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தாலும் தனியாகத் தெரியாது. உலகின் பல ரயில்வேக்கள் தனித்தனியாகவே இந்தப் பழுப்புக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

பொடி வெளுக்காது என்றால் பெட்டி ஏன் வெளிறுகிறது? வெளிறுவது பொடியைப் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய்ப் பிசின். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு அது சிதைந்ததும் மேற்பரப்பில் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஒரு வெண்மை படர்கிறது. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டிக்கொள்ளும், தேய்த்த இடத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். ஆகவே டப்பாவில் உள்ள எண் ஒரு பெட்டியின் பிறந்தநாள் நிறம் மட்டுமே. பணிமனை வாசலைத் தாண்டிய மறுநாளிலிருந்து பெட்டி அந்த எண்ணை விட்டு விலகத் தொடங்குகிறது.

பெட்டியே சொல்லும் தேதி

நிறம் தேதியை மறைமுகமாகச் சொல்கிறது, எழுத்துகளோ வெளிப்படையாகச் சொல்கின்றன. இந்திய ரயில்வேயின் இன்றைய வேகன் எண்ணுக்கு 11 இலக்கங்கள். முதல் இரண்டு பெட்டியின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவதும் ஆறாவதும் கட்டிய ஆண்டு. அடுத்த நான்கு அந்தப் பெட்டிக்கான தனி எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

உதாரணத்துக்கு 3306120457 என்று பத்து இலக்கங்களை எழுதிக்கொள்வோம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது இடங்களில் இருப்பவை 3, 6, 2, 4, 7. கூட்டினால் 22, மூன்றால் பெருக்கினால் 66. மீதி இடங்களில் 3, 0, 1, 0, 5, கூட்டினால் 9. இரண்டும் சேர்ந்து 75. அடுத்த பத்தின் மடங்கான 80ஐத் தொட இன்னும் 5 வேண்டும், எனவே பதினொன்றாவது இலக்கம் 5. தாளில் எழுதிக்கொண்டு வரும் ஊழியர் ஒரு எண்ணைப் பிசகி எழுதினால் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

மாடல்காரருக்கு இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. கைக்கு வந்த பதினோரு எண்களை எழுதிவைத்தால் தெரிந்தவர் யாரேனும் கூட்டிப் பார்த்துச் சிரிப்பார். இன்னொன்று இதைவிட நுட்பமானது. மேலே கண்ட எண்ணில் 12 என்று இருக்கிறது, ஆகவே அந்தப் பெட்டி 2012இல் பிறந்தது. 2005ஆம் ஆண்டின் விருதுநகர் நிலையத்தை மேசையில் கட்டிவிட்டு அதில் இந்தப் பெட்டியை நிறுத்தினால், நிறம் நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் அது பொய்தான்.

எண்ணுக்கு அருகே இன்னும் நிறைய எழுதியிருக்கும்: வெற்று எடை, ஏற்றக்கூடிய எடை, பெரிய பழுதுபார்ப்பு எந்தப் பணிமனையில் எப்போது நடந்தது, மீண்டும் எப்போது வரவேண்டும். தெற்கு ரயில்வேயின் பெரிய பணிமனைகளில் ஒன்றான திருச்சி பொன்மலை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. பணிமனையிலிருந்து புதுச் சாயத்துடன் வெளியே வரும் பெட்டியில் அந்தத் தேதியும் புதிதாக எழுதப்பட்டிருக்கும். சாயம் புதிதாகவும் தேதி பழையதாகவும் இருக்க வழியில்லை. பல மாடல்களில் நான் கண்ட பிழை இதுதான்: மேலே பூசிய பழுப்பு பளபளவென்று இருக்கும், தேதியோ அந்தக் காட்சிக்கு ஐந்து ஆண்டு முந்தையதாக இருக்கும்.

நிறமே செய்தி சொன்ன காலமும் உண்டு. பயணிகள் பெட்டிகள் நீண்ட நாள் அரக்குச் சிவப்பில் இருந்தன. 1990களில் நீலம் வந்ததற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது: வெற்றிட பிரேக் போய்க் காற்றழுத்த பிரேக் வந்தது, அந்தப் பெட்டிகளைத் தூரத்திலேயே பிரித்தறிய நீலம் உதவியது. ஒரே வண்டியில் அரக்கும் நீலமும் கலந்து கோத்து, 'இரண்டும் இருந்த காலம்தானே' என்று சொல்பவர் நிறத்தைப் பார்த்திருக்கிறார், அதன் காரணத்தைப் பார்க்கவில்லை.

தீப்பெட்டி லேபிளின் பாடம்

சிவகாசியின் கதை தெரிந்ததுதான். 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படித்தான் லித்தோ அச்சு வந்தது, பிறகு ஆஃப்செட் வந்தது, பட்டாசுப் பெட்டியும் காலண்டரும் நோட்டுப்புத்தக அட்டையும் பின்தொடர்ந்தன. இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால் சிவப்பு முழுச் சிவப்பாக இருக்கும். புள்ளிகள் கிடையாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை, தனிக் கல் அல்லது தனி பிளேட். காலண்டர் படத்தை அதே கண்ணாடியில் பார்த்தால் முருகனின் முகம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். முதல் முறையில் நிறத்தைக் கலந்து வைத்துப் பிறகு அடிக்கிறார்கள். இரண்டாவது முறையில் நான்கு மைகளின் புள்ளிகளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு விட்டுவிடுகிறார்கள்.

வேகன் எழுத்துக்கு இரண்டில் எது? கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். பெட்டியில் 50 மில்லிமீட்டர் உயரம் உள்ள எழுத்து 87இல் ஒரு பங்காகும்போது 0.57 மில்லிமீட்டர். நல்ல காலண்டர் அச்சில் ஓர் அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளிகள், அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.145 மில்லிமீட்டர். ஆக எழுத்தின் மொத்த உயரத்துக்கும் நான்கு புள்ளிகள்தான். நான்கு புள்ளியில் 8க்கும் 3க்கும் வித்தியாசம் காட்ட முடியாது. காலண்டர் அச்சு எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே தோற்கும், பழைய லேபிள் முறையான தனி மை ஜெயிக்கும்.

இன்னொரு சிக்கலும் அச்சாபீஸ்காரருக்கு உடனே தெரியும். லேபிளில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது, வெள்ளை என்பது காகிதம். பழுப்புப் பெட்டி மேல் வெள்ளை எழுத்து வரவேண்டுமென்றால் காகிதத்தின் உதவி இல்லை. அடியில் உள்ள பழுப்பு தெரியாமல் மறைக்கும் கெட்டியான வெள்ளை வேண்டும். சாதாரண ஆஃப்செட் மை ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது, அந்த வேலைக்கு ஆகாது. ஆகவே மாடல் தயாரிப்பாளர்கள் சிலிகோன் ரப்பர் உருண்டையால் மையை எடுத்து ஒற்றும் பேட் பிரிண்டிங்கையும், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் தாள்களையும் நம்பியிருக்கிறார்கள். வெள்ளைக்கு மேல் இன்னொரு நிறம் வந்தால் ரிஜிஸ்டர் பிரச்சினை, அதாவது இரண்டும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அமரவேண்டிய சிக்கல், எழும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் உண்மைப் பெட்டியில் அது 8.7 மில்லிமீட்டர். இவ்வளவு விலகலை எந்தப் பணிமனைப் பெயிண்டரும் விடமாட்டார்.

டியூப்லைட்டிலும் வெயிலிலும்

ஒருமுறை நானே ஏமாந்தேன். கூட்ஸ் ஷெட் ஓரம் உதிர்ந்து கிடந்த பெயிண்ட் செதிள் ஒன்றைக் கொண்டுபோய், அதற்குப் பொருத்தமாக ஒரு கடையில் எனாமல் கலந்து வாங்கினேன். கடையின் டியூப்லைட்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வீட்டு மொட்டைமாடியில் வைத்தபோது கலந்து வாங்கியது பச்சையடித்தது. பின்னர் சிவகாசி அச்சகம் ஒன்றில் நின்றிருந்தபோது மெஷின்மேன் ஒருவர் புரூஃபை எடுத்து வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து மையைக் கூட்டினார். நான் செலவழித்துக் கற்றதை அவர் அன்றாட வழக்கமாகச் செய்துகொண்டிருந்தார்.

இதற்கு அறிவியலில் மெட்டாமெரிசம் என்று பெயர். இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியும், ஏனென்றால் அவை ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் அச்சுத்துறைக்கு ஐ.எஸ்.ஓ. 3664 என்ற சர்வதேசத் தரம் டி50 எனப்படும் வரையறுத்த வெளிச்சத்தைப் பரிந்துரைக்கிறது. நிறம் பொருந்துகிறது என்று சொல்வதற்கு முன்னால் எந்த வெளிச்சத்தில் என்று சொல்லியாக வேண்டும். மாடலும் உண்மைப் பெட்டியும் ஒரே வெளிச்சத்தில் ஒருபோதும் நிற்பதில்லை என்பது மாடல்காரரின் விதி.

இங்கே 'அளவுக்கேற்ற நிறம்' என்ற வாதம் வருகிறது. சின்னப் பொருளில் நிறம் அடர்ந்து தெரியும், அதனால் சற்று வெளிறப் பூசவேண்டும் என்பது அதன் சாரம். தூரத்து மலை நீலமாகத் தெரிவதைப்போல் இடையில் உள்ள காற்று நிறத்தை மட்டுப்படுத்தும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 87இல் ஒரு பங்கு மாடலை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது உண்மைப் பெட்டியை 26 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 26 மீட்டர் என்பது விருதுநகர் நிலையத்தில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றைப் பார்ப்பது மாதிரி, அந்தத் தூரத்தில் காற்று நிறத்தைக் கெடுக்காது. உண்மையான காரணம் வெளிச்சத்தின் அளவு. நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ், வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்கூடத் தேறாது. வெயிலில் நின்ற நிறத்தை அறைக்குள் கொண்டுவந்தால் அது இருண்டுதான் தெரியும். வெளிறப் பூசுவது சரி, ஆனால் எவ்வளவு என்பதை அறையின் விளக்கு தீர்மானிக்கிறது.

கறுப்பு வெள்ளையில் சிவப்பு

இதுவரை சொன்னவை கண்ணெதிரே நிற்கும் பெட்டிகளுக்கு. கண்ணை விட்டு மறைந்த பெட்டிகளுக்கு என்ன செய்வது? மதுரையிலிருந்து விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ஓடத் தொடங்கிய ரயில் மீட்டர் கேஜ். விருதுபட்டிதான் பின்னாளில் விருதுநகரானது. 1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை சிவகாசியைத் தொட்டதும் மீட்டர் கேஜில்தான். இந்தப் பாதைகளை நடத்திய சவுத் இந்தியன் ரயில்வே 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்தது. தென்காசிப் பாதை 2003–04இல் அகலப்பாதையானது. இந்தப் பாதையில் ஓடிய பழைய மீட்டர் கேஜ் சரக்குப் பெட்டியைச் செய்ய விரும்புபவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

அந்தப் படங்கள் பொய் சொல்லும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்டத் தெரியாது, செம்பழுப்பு அவற்றில் கருமையாக விழும். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் வேகன்கள் சிவப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு எந்த ஆண்டில் மாறின என்ற விவாதம் இன்றும் முடியாமல் நீள்வதற்கு இந்தக் கருமையும் ஒரு காரணம். படத்தில் கறுப்பாகத் தெரிவது சாம்பல் பெட்டியா, சிவப்புப் பெட்டியா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடல் உலகில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் கேஜ். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், அதற்கு 19.3 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே அகலப்பாதையில் ஓடும் பாக்ஸ்என் வகை வேகனுக்கு எண், எழுத்து, நிறம் எல்லாம் பிசகில்லாமல் செய்தாலும் பெரும்பாலும் அது குறுகிய தண்டவாளத்தின் மேல்தான் நிற்கிறது. மீட்டர் கேஜுக்கோ 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது, 87ஆல் பெருக்கினால் 1,044. கிட்டத்தட்டச் சரி. ஆக இன்றைய பெட்டிக்கு நிறம் தெரியும், தண்டவாளம் பொருந்தாது. அன்றைய பெட்டிக்குத் தண்டவாளம் பொருந்தும், நிறம் தெரியாது. முழுத் துல்லியம் யாருக்கும் வாய்ப்பதில்லை. எதில் துல்லியம் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் நம் கையில் உள்ளது.

ஊர் பூசும் சாயம்

பணிமனை பூசுவது முதல் கோட்டு, ஊர் பூசுவது இரண்டாவது. விருதுநகருக்குத் தெற்கே துலுக்கப்பட்டி அருகில் ராமசாமி ராஜா நகரில் 1961 முதல் சிமென்ட் ஆலை இயங்குகிறது. சிமென்ட் ஏறிய பெட்டியில் கதவிடுக்கிலிருந்து சாம்பல் வழிந்து, மழை பட்டு இறுகி, கோடுகளாகக் காய்ந்திருக்கும். சுற்றிலும் கரிசல் பூமி, கோடையில் அதன் புழுதி கருஞ்சாம்பலாகப் பெட்டியின் அடிப்பகுதியில் படியும். மேலை நாட்டு மாடல் கடைகளில் விற்கும் அழுக்குப் பொடிகள் அங்குள்ள புகைக்கரிக்கும் செம்மண்ணுக்கும் ஏற்றவை. கரிசலைக் காட்ட ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் சலித்தால் போதும்.

சிவகாசி என்றதும் வண்ணமயமான படங்கள் ஒட்டிய பட்டாசு வேகன் ஒன்று செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஐரோப்பிய நிறுவனங்கள் பீர், பிஸ்கட் பெயர்களில் ஒருபோதும் இல்லாத பெட்டிகளை அச்சிட்டு விற்பது வழக்கம்தான். இங்கே அந்தக் கற்பனைக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம், 164ஆம் பிரிவுகள் அபாயகரமான பொருள்களை ரயிலில் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்துகின்றன. சிவகாசிப் பட்டாசு பெரும்பாலும் லாரியில்தான் ஊரை விட்டுப் போகிறது. நிலையத்துக்கு வெளியே மேசையின் ஓரத்தில் ஒரு லாரியை நிறுத்துவது பட்டாசு வேகனைவிட உண்மையானது.

அந்த லாரியில் ஏறும் ஏற்றுமதிப் பெட்டியில் ஒரு நிறம் மட்டும் எந்தச் சலுகையும் கேட்காது. வெடிபொருள்களான முதல் வகைக்குரிய ஐ.நா. அடையாளம் ஆரஞ்சு நிறச் சாய்சதுரம். 1.1, 1.2, 1.3 பிரிவுகளில் அதற்குள் வெடித்துச் சிதறும் குண்டின் படம் இருக்கும். 1.4இல் படம் கிடையாது, எண் மட்டும் பெரிதாக நிற்கும். பட்டாசுகளில் 1.4ஜிக்கு உரிய ஐ.நா. எண் 0336. இதில் ஆரஞ்சு மங்கினால் அழகு கெடுவதில்லை, எச்சரிக்கை கெடுகிறது. அச்சாபீஸ்காரருக்கு இது தெரியும். ஆரஞ்சு நான்கு மைப் புள்ளிகளில் மந்தமாக வருவதால் அதற்கும் தனி மை கலப்பார்கள்.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வரலாம். எந்தப் பழுப்பு சரி? பெயிண்ட் எண் பெட்டியின் பிறந்தநாள் நிறத்தைச் சொல்கிறது. பதினோரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைச் சொல்கின்றன. பழுதுபார்த்த தேதி கடைசியாகக் குளித்த நாளைச் சொல்கிறது. வெளிறலும் புழுதியும் அதற்குப் பிறகு கழிந்த மாதங்களைச் சொல்கின்றன. இவை நான்கும் ஒரே தேதியில் சந்திக்கும் பெட்டிதான் துல்லியமான பெட்டி. தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் பழுப்பும் சரிதான், எந்தப் பழுப்பும் தவறுதான்.

ஆகவே மாடல் வேகனுக்குச் சாயம் வாங்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு தேதியை எழுதிக்கொள்வது நல்லது. அதைப் பார்த்தபின் கடைக்காரரிடம் பழுப்பு கேட்கும்போது, விருதுநகர் வியாபாரி போல நமக்கும் தெரிந்திருக்கும்: நாம் தேடுவது புதுப்புளியா, பழம்புளியா என்று.